5060 டி.ஐ கார்டுக்குப் பழைய எஸ்.எம்.பி.எஸ் தாங்குமா?

தாங்காது தம்பி. கார்டு வாங்குவதற்கு முன்னாடியே கேட்டீர்களே, அது நல்லதாப் போச்சு.

நீங்கள் சொன்னதை ஒரு தடவை சுருக்கிக்கொள்கிறேன். கோபி பக்கம் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறீர்கள். ஐ5-10400எஃப் பிராசஸர், ஜி.டி.எக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, கேபினட்டோடு சேர்ந்தே வந்த, கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற பெட்டியான "450" எஸ்.எம்.பி.எஸ், 600 வி.ஏ யூ.பி.எஸ். இப்போது ஆர்.டி.எக்ஸ் 5060 டி.ஐ 16 ஜி.பி போட நினைக்கிறீர்கள். ஈரோட்டில் ஒரு கடைக்காரர் 850 வாட் இல்லாமல் கார்டைத் தொடவே கூடாது என்கிறார், இன்னொருவர் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ்ஸே போதும், சின்னதா ஒரு கன்வெர்ட்டர் வயர் வாங்கி மாட்டிக்கொள் என்கிறார். முதல் ஆள் சொன்னதைக் கேட்டால் உங்களுக்குக் காசு கொஞ்சம் வீண், அவ்வளவுதான். இரண்டாவது ஆள் சொன்னதைக் கேட்டால் நாற்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிற கார்டே போய்விடும்.

நீங்கள் எடுத்து அனுப்பிய லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் விஷயம், அந்த 450 என்கிற எண் மாடல் பெயரில்தான் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் வாட் என்று எங்கேயும் அச்சடிக்கவில்லை. கீழே கட்டம் போட்டு எழுதியிருப்பதுதான் நிஜக் கணக்கு: 3.3 வோல்ட்டில் 18 ஆம்பியர், 5 வோல்ட்டில் 20, 12 வோல்ட்டில் 16, மைனஸ் 12-ல் 0.5, ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டில் 2. ஒவ்வொன்றையும் பெருக்கிக் கூட்டினால் சுமார் 367 வாட் வருகிறது. எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் முழுசாகக் கொடுக்கும் என்று நம்பினால்கூட 450-ஐத் தொடவில்லை. அதைவிட முக்கியம் அந்த 12 வோல்ட் வரிசை. 16-ஐ 12-ஆல் பெருக்கினால் 192 வாட். உங்கள் பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது ஏறக்குறைய முழுக்க இந்த 12 வோல்ட்டைத்தான். 3.3-லும் 5-லும் எவ்வளவு இருந்தாலும் இவர்களுக்கு உதவாது. ஆக உங்களிடம் இருப்பது கார்டு விஷயத்தில் 192 வாட் எஸ்.எம்.பி.எஸ்.

ஏன் இப்படி ஒரு விகிதத்தில் செய்கிறார்கள் என்று கேட்டால், பழைய காலத்தில் பிராசஸருக்கான மின்சாரம் 5 வோல்ட்டிலிருந்தும் 3.3 வோல்ட்டிலிருந்தும்தான் போய்க்கொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பெண்டியம் 4 வந்தபோது பிராசஸருக்கென்று தனியாக 4 பின் வயர் வைத்து 12 வோல்ட்டுக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் வந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ் எல்லாமே கிட்டத்தட்ட முழு வாட்டையும் 12 வோல்ட்டிலேயே கொடுக்கும்படி மாறிவிட்டன. கேபினட்டோடு இனாமாக வருகிற சரக்கு மட்டும் இன்னமும் அந்தக் காலத்துக் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல 550 வாட் ஒன்றின் லேபிளைப் பாருங்கள், 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் பக்கம் இருக்கும், அதாவது 540 வாட். 650-இல் 54 ஆம்பியர். எஸ்.எம்.பி.எஸ் நல்லதா கெட்டதா என்று கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க இந்த ஒரு கணக்கு போதும். பெட்டியில் போட்டிருக்கிற வாட்டுக்கும் 12 வோல்ட் பெருக்கலுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 12வி1, 12வி2 என்று இரண்டு வரிசை தனித்தனியாகப் போட்டிருந்தால் இரண்டையும் கூட்டக் கூடாது, பக்கத்தில் இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் இவ்வளவு என்று ஓர் எண் இருக்கும், அதுதான் கணக்கு.

அப்படியென்றால் இத்தனை நாள் எப்படி ஓடியது? 1650 கார்டு 75 வாட்டுக்கு மேல் கேட்காது. உங்கள் கார்டில் தனி வயர் எதுவும் மாட்டவில்லை என்கிறீர்கள், அப்போது அது மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஸ்லாட்டின் வரம்பும் 75 வாட்தான். எடிட்டிங்கில் பிராசஸரும் கார்டும் ஒரே நொடியில் முழுசாக முட்டுவது குறைவு, அதனால் 192-க்குள் எப்படியோ ஓட்டிவிட்டது.

இப்போது புதுக் கணக்கு. 5060 டி.ஐ-க்கு அதன் கம்பெனியான என்விடியா போட்டிருப்பது 180 வாட். 10400எஃப் பெயருக்கு 65 வாட் பிராசஸர் என்றாலும், வேலை கொடுத்தால் முதல் 28 விநாடி வரைக்கும் 134 வாட் வரை ஏறும், அப்புறம் 65-க்கு இறங்கும். சில மதர்போர்டுகளில் அந்த வரம்பைத் தளர்த்தி வைத்திருப்பார்கள், அங்கே இறங்கவே இறங்காது. மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி, ஃபுட்டேஜ் போட்டு வைத்திருக்கிற ஹார்ட் டிஸ்க், ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து ஒரு 50, 60 வாட். மொத்தம் 370 வாட் பக்கம். இதில் 12 வோல்ட் பங்கு மட்டுமே 28, 29 ஆம்பியர் வரும். உங்களிடம் இருப்பது 16.

என்விடியா இந்தக் கார்டுக்கு 600 வாட் எஸ்.எம்.பி.எஸ் வேண்டும் என்று சொல்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் பிராசஸரைவிட இரண்டு மடங்கு சாப்பிடுகிற பிராசஸர் வைத்திருப்பவனுக்கும், சுமாரான எஸ்.எம்.பி.எஸ் வைத்திருப்பவனுக்கும் சேர்த்துத்தான் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். உங்கள் மெஷினுக்கு நல்ல 550 வாட் நிஜமாகவே போதும். ஆனாலும் நான் 650 வாங்கச் சொல்வேன். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது, நாளைக்கு 250 வாட் கேட்கிற 5070 மாதிரி ஒன்றுக்கோ வேறு பிராசஸருக்கோ போனாலும் எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தொட வேண்டியதில்லை. 850 உங்களுக்குத் தேவையே இல்லை. வாங்கினால் கெடுதலும் இல்லை, நிறைய பேர் நினைப்பது மாதிரி கரண்ட் பில்லும் ஏறாது: வீட்டு மேலே 2000 லிட்டர் டேங்க் வைத்ததால் தண்ணீர் அதிகமாகச் செலவாவதில்லை, குழாயைத் திறந்த அளவுக்குத்தான் போகும். ஆனால் அந்த 850-க்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தை ரேமில் போட்டால் ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேர் ஓட்டுகிற உங்களுக்கு அன்றைக்கே தெரியும்.

கன்வெர்ட்டர் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். உங்கள் எஸ்.எம்.பி.எஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 பின் வயரே கிடையாது. அது இல்லாததே தயாரித்தவன் உங்களுக்குச் சொல்லுகிற சேதி. 8 பின் கனெக்டர் ஒன்று 150 வாட் வரை கொடுப்பதற்கானது, அதில் மூன்று 12 வோல்ட் வயர் போகிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு மாட்டுகிற சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று மெல்லிய பின், பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர், ஆக மொத்தம் 54 வாட்தான். கடையில் தொங்குகிற சாட்டா டூ 8 பின் கன்வெர்ட்டர் என்ன செய்கிறது? 54 வாட் தாங்குகிற இடத்தில் போய் 150 வாட் கேட்கிறது. கார்டுக்கு இது தெரியாது, 8 பின் மாட்டியிருக்கிறார்கள் என்று நம்பி இழுக்கும். பிளாஸ்டிக் மஞ்சளாகி, இளகி, கருகுகிற வாசனை வரும்போதுதான் நமக்குத் தெரியும், அப்போதும் எஸ்.எம்.பி.எஸ் ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அதன் கணக்கில் எந்த வரம்பும் மீறப்படவில்லை. பழைய மோலெக்ஸ் கனெக்டர் கொஞ்சம் தடிமனான பின் கொண்டது, இரண்டு தனித்தனி வயரிலிருந்து எடுத்தால் ஓரளவு தாங்கும்தான், ஆனால் பின்னால் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ்ஸிலேயே 16 ஆம்பியர் என்கிறபோது எந்த வயரை எங்கே மாட்டினால் என்ன.

5060 டி.ஐ-யில் நிறைய மாடல்களில் ஒரே ஒரு 8 பின்தான் வரும், சிலவற்றில் புது 16 பின் இருக்கும். 8 பின் இருக்கிறதாகப் பார்த்து வாங்கினால் தலைவலி குறைவு. 16 பின் வந்தாலும் வெசனப்படாதீங்க, 2022-இல் 4090 கார்டுகளில் கனெக்டர் உருகியது 450 வாட் போகிற இடத்தில். 180 வாட்டுக்கு அந்தச் சூடு வராது. கிளிக் ஆகிற வரை முழுசாக உள்ளே தள்ளுங்கள், கனெக்டரை ஒட்டியே வயரை மடக்காதீர்கள், அவ்வளவுதான். இன்னொன்று: வயரைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாடுலர் எஸ்.எம்.பி.எஸ் வாங்கினால் அதோடு வந்த வயரை மட்டும்தான் மாட்ட வேண்டும். கார்டு பக்கம் இருக்கிற முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று, எஸ்.எம்.பி.எஸ் பக்கம் இருக்கிற முனை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல்கூட வேறு. வடிவம் பொருந்திவிடும், உள்ளே 5 வோல்ட் வரவேண்டிய பின்னில் 12 வோல்ட் வரும். நண்பரிடம் இருந்த பழைய வயரை மாட்டி, கல்யாண ஃபுட்டேஜ் இருந்த ஹார்ட் டிஸ்க்கைச் சாகடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிராசஸருக்குப் போகிற 8 பின்னும் கார்டுக்குப் போகிற 8 பின்னும் ஒன்றல்ல, அழுத்தித் திணிக்க வேண்டாம்.

கார்டுகளுக்கு இன்னொரு குணம் உண்டு. 180 வாட் என்பது சராசரி. மைக்ரோ விநாடிக் கணக்கில் அதைவிட எகிறி எகிறி இறங்கும். 2020-இல் 3080, 3090 கார்டுகள் வந்தபோது வாட் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்களே பட்டென்று ஆஃப் ஆனது இதனால்தான். அதை வைத்துத்தான் 2022-இல் ஏ.டி.எக்ஸ் 3.0 என்று புது வரையறை கொண்டுவந்தார்கள்: எழுதியிருக்கிற வாட்டைப்போல் இரண்டு மடங்கை ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தாங்க வேண்டும். இப்போது வாங்குகிறீர்கள் என்றால் ஏ.டி.எக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று போட்டதாகப் பாருங்கள்.

80 பிளஸ் ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது சுவரிலிருந்து எடுக்கிற கரண்ட்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான சான்று மட்டும்தான். ப்ரான்ஸ் என்றால் பாதி லோடில் 85 சதவீதத்துக்குக் குறையாது, கோல்டு 90-ஐத் தொடும். தரத்துக்கும் பாதுகாப்புக்கும் அது உத்தரவாதம் இல்லை, ஆனால் மட்டமான சரக்கில் அந்தச் சான்றும் கிடைக்காது என்பதால் முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். நான் அதைவிட வாரன்டியைத்தான் பார்ப்பேன். ஐந்து வருஷமாவது கொடுக்கிறானா? கொடுத்தால் உள்ளே போட்டிருக்கிற கெபாசிட்டர் மேல் அவனுக்கே நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு ப்ரான்ஸ் போதும். கோல்டுக்குக் கொடுக்கிற காசை கரண்ட் பில்லில் மீட்க வருஷக்கணக்காகும்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்கணும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாட் கணக்கு 25 டிகிரி அறைக்குப் போட்டது. நல்லதென்றால் 40 அல்லது 50 டிகிரியில் முழு வாட்டும் கொடுப்பேன் என்று எழுதியிருக்கும். சித்திரை மாசம் ஈரோடு, கரூர் பக்கம் வெளியே 40 டிகிரி, சீட்டுப் போட்ட ரூமுக்குள் மத்தியானம் ரெண்டு மணிக்கு ரெண்டர் ஓடினால் கேபினட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 50 டிகிரி என்று போட்டது கிடைத்தால் அதுவே நல்லது. திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கத்து மெஷின்களுக்கு இதோடு பஞ்சும் சேரும். தறிக்குடோனை ஒட்டிய ஒரு ஆபீஸிலிருந்து வந்த எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறந்தால் ஃபேன் இறக்கைக்குப் பின்னால் மெத்தை மாதிரி வெள்ளையாய்ப் படிந்திருக்கும், விரலால் உரித்தெடுத்தால் ஒரே துண்டாக வரும். உங்கள் பக்கம் அந்தத் தொல்லை இல்லை, மண் தூசிதான், ஆனாலும் கேபினட்டின் அடியில் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு நேராக வலை இருந்தால் ஃபேன் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டிவிட்டு, அந்த வலையை அவ்வப்போது கழற்றித் தட்டிவிடுங்கள்.

தோட்டத்து வீடு என்பதால் கரண்ட்டைப் பற்றி இரண்டு விஷயம். போர் மோட்டார் எடுக்கும்போது லைட் மங்கி எழும் என்று சொன்னீர்கள். ஆக்டிவ் பி.எஃப்.சி (சுவரிலிருந்து கரண்ட்டைச் சீராக இழுக்கிற சர்க்யூட்) உள்ள புது எஸ்.எம்.பி.எஸ் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளித்துக்கொள்ளும், லேபிளில் "100-240" என்று இருக்கிறதா பாருங்கள். உங்கள் பழையதின் பின்னால் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் இருக்கிறது பாருங்கள், அதை விளையாட்டுக்குக்கூட 115 பக்கம் தள்ளாதீர்கள், டப்பென்று வெடிக்கும்.

யூ.பி.எஸ் பத்தாது. 600 வி.ஏ என்பது பொதுவாக 360 வாட்தான். உங்கள் மெஷின் முழு லோடில் உள்ளே 370 கேட்டால் சுவரிலிருந்து 430 பக்கம் இழுக்கும், மானிட்டர் தனி. ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் யூ.பி.எஸ் ஒரு கத்துக் கத்திவிட்டு ஆஃப் ஆகிவிடும். 1000 அல்லது 1100 வி.ஏ, 600 வாட் பக்கம் உள்ளதற்குப் போங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்றால், கரண்ட் போன நொடியில் எஸ்.எம்.பி.எஸ் தன் கையிருப்பில் சமாளிப்பது சுமார் 16 மில்லி விநாடிதான், சாதா இன்வெர்ட்டர் மாறுவதற்குள் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும்; யூ.பி.எஸ் மோடு உள்ள சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் எர்த் வயரை நம்பித்தான் வைத்தவை. எர்த் கிடைக்காவிட்டால் கேபினட் தகரமே நூத்திச்சொச்சம் வோல்ட்டில் மிதக்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுர்ரோடு போகிறது. ஆனால் அந்த நிலையில் ஹெச்.டி.எம்.ஐ கேபிளைச் சொருகினால் மானிட்டருக்கும் கார்டுக்கும் நடுவில் அந்த வோல்ட் பாய்ந்து கார்டின் போர்ட் போவதுண்டு. புது எஸ்.எம்.பி.எஸ் போட்டாலும் இது சரியாகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள், வயர் துருப்பிடித்து அறுந்திருக்கலாம், வெயிலில் குழி காய்ந்திருக்கலாம். கார்டு பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் இது முடிந்திருக்கணும்.

வாங்குகிற வரிசையும் அதேதான். முதலில் எர்த், அப்புறம் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றி 1650-யோடேயே நாலு நாள் ஓட்டுங்கள், அப்புறம் கார்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதில் கோளாறு என்று கண்டுபிடிக்க முடியாது. கார்டு மாட்டினதும் கார்டுக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கிற ஃபர்மார்க் மாதிரி ஒன்றை அரை மணி நேரம் ஓட்டி, கூடவே ஒரு எக்ஸ்போர்ட்டும் போட்டு, வோல்ட், சூடு எல்லாம் காட்டுகிற எச்.டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேரில் 12 வோல்ட்டைப் பாருங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்கணும், நல்ல எஸ்.எம்.பி.எஸ் என்றால் 11.9, 12-ஐ விட்டு அசையாது. நடுவில் பொட்டென்று மொத்தமாக ஆஃப் ஆகி, பின்னாலிருக்கிற சுவிட்சை ஒரு தடவை தட்டினால்தான் திரும்ப ஆன் ஆகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது என்று அர்த்தம், அதை மாற்றிக் கேளுங்கள். ஸ்கிரீன் மட்டும் கறுத்து, ஃபேன் மட்டும் சத்தமாக ஓடினால் முதலில் கார்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறதா, வயர் முழுசாக மாட்டியிருக்கிறதா பார்த்துவிட்டு, டிரைவரைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள்.

1650-யை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். உங்கள் பிராசஸர் எஃப் என்று முடிவதால் அதில் டிஸ்ப்ளே கிடையாது, புதுக் கார்டு வாரன்டிக்குப் போய்விட்டால் திரையில் ஒன்றும் வராது. சீசன் முடிகிற வரை அலமாரியில் இருக்கட்டும். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸை, கார்டு எதுவும் இல்லாத பில்லிங் மெஷின் எதற்காவது கொடுக்கலாம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். கடைக்குப் போவதற்கு முன் கேபினட்டுக்குள் டேப் வைத்துக் கார்டு நீளத்தையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள், மூன்று ஃபேன் மாடல்கள் 30 சென்டிமீட்டர் வரை வரும், உங்கள் கேபினட்டில் ஹார்ட் டிஸ்க் கூண்டு குறுக்கே நிற்கிற மாதிரி படத்தில் தெரிகிறது.